மேல் பம்பு, கீழ் பம்பு

செப்டம்பர் 24, புதன்

பெரிய டாக்டரம்மா சத்தியபாமா காலைக் கூட்டத்தில் ஓர் ஆணை போட்டார். இன்றிலிருந்து மருந்துப் பாதுகாப்பு வாரங்கள். யாராவது ஒருவர் தினமும் நடப்பதை நாட்குறிப்பாக எழுதி, முடிவில் அவரிடம் கொடுக்க வேண்டும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

என் பெயர் தெய்வசிகாமணி. வயது நாற்பத்தெட்டு. ஈரோட்டில் இந்தக் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருந்தாளுநர். பத்தொன்பது வருடத்தில் ஒரு தவறு கூட என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நாளை இந்த நோட்டை வரலாறு படிக்கலாம்.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் இப்போது கோகிலவாணி என்பவரின் பெண் குழந்தைக்கு மட்டும்தான் வெள்ளை மருந்து போகிறது. ஏழாம் மாதத்தில் பிறந்தது. எடை ஒரு கிலோ நூற்று நாற்பது கிராம். வயிறு இன்னும் பாலை ஏற்கவில்லை என்பதால் சாப்பாடு முழுக்க ரத்தக்குழாய் வழியாக. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி, அதில் இரண்டு சிரிஞ்சு பம்புகள். மேல் பம்பில் கொழுப்பு மருந்து. சோயா எண்ணெயிலிருந்து செய்தது, பார்த்தால் பால்தான். கீழ் பம்பில் சர்க்கரையும் புரதமும் கலந்த தெளிந்த நீர். மேலே மணிக்கு அரை மில்லி, கீழே மணிக்கு ஐந்து மில்லி. இந்த வார்டு திறந்த நாளிலிருந்து வெள்ளைதான் மேலே.

அரை மில்லி என்பது சும்மா இல்லை. அது மெதுவாகப் போனால் உணவு. வேகமாகப் போனால் அந்த உடம்பால் கரைக்க முடியாது, ரத்தமே வெள்ளையாகிவிடும், மூச்சு திணறும். இதைப் பற்றி நான் நாற்பது நிமிடம் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன். நர்ஸுகளில் இருவர் கடைசி வரை விழித்திருந்தார்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி

பம்புகள் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். எனவே வெள்ளை மருந்துப் பம்பின் நெற்றியில் பெயர் ஒட்டுவது என்று முடிவு செய்தேன். பச்சையா மஞ்சளா என்று மூன்று நாள் யோசித்துப் பச்சைக்கு வந்தேன். கொட்டை எழுத்தில் ‘கொழுப்பு’ என்று ஐம்பது ஸ்டிக்கர் அச்சடித்தேன். தேவைப்பட்டது ஒன்று.

வார்டு நர்ஸ் மகுடீஸ்வரி பார்த்தார். கொடுமுடிக்காரர், ஒன்பது வருடமாக அதே வார்டு. “நல்லா இருக்குதுங்க சார். ஆனா நாங்க எப்பவும் மேல, கீழன்னு பாத்துத்தானுங்க மாட்டறது” என்றார். பழைய பழக்கம், மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

மாலையில் கடைவீதி வழியாக ஸ்கூட்டரில் திரும்பினேன். வழியெல்லாம் ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாதுகாப்பு வாரச் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது என்று பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வசந்தாமணி என் சட்டை முதுகிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை உரித்து என் கையில் கொடுத்தாள்.

“எடம் பாத்துத்தான் ஒட்டியிருக்காங்க” என்றாள்.

செப்டம்பர் 29, திங்கள்

வசந்தாமணியின் தொந்தரவு தாங்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். கொழுப்பு 410. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டுமாம். இன்றிலிருந்து வீட்டில் கொள்ளு ரசம் மட்டும். கேன்டீனில் உளுந்து வடை இரண்டு சாப்பிட்டது எண்ணெயின் தரத்தைச் சோதிக்க.

அக்டோபர் 1, புதன். பகல் 12.15

ஆயுத பூஜை. கத்தரிக்கோல், எடை மெஷின், ஆம்புலன்ஸ், கேன்டீன் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குள் பூவும் கற்பூரமும் கூடாது. விதியை எழுதியவனே நான். ஆனால் உயிர் காக்கும் பம்பை விட்டுவிட்டு கிரைண்டருக்குப் பொட்டு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யோசித்தேன், வழி கிடைத்தது. தினமும் பதினொரு மணிக்குப் பழைய சிரிஞ்சைக் கழற்றிப் புதிது மாட்டுவார்கள். அந்த நேரத்தில் பம்பு சும்மாதானே இருக்கிறது? வார்டுக்குள் செய்யாமல் முன்னறையில் செய்தால் விதியும் கெடாது.

“பத்து நிமிஷத்துக்கு மேல ஆகக் கூடாதுங்க சார். புள்ளைக்குச் சக்கரை எறங்கிரும்” என்றார் மகுடீஸ்வரி.

ஒன்பது நிமிடம் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு பம்பையும் நானே கழற்றிக்கொண்டு முன்னறை மேஜைக்கு வந்தேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பம்புக்கு நெற்றி சிறியது, எனக்குக் கை தாராளம். பக்கத்துக்கு ஒன்றாகப் பம்பைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, டாக்டரம்மா போட்டோ எடுத்தார். எட்டே நிமிடத்தில் திரும்பக் கொண்டுபோய்க் கம்பியில் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினேன். பார்க்க மங்களகரமாக இருந்தது. மகுடீஸ்வரி புதுச் சிரிஞ்சுகளை மாட்டி, ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார். நேற்றைய வேகத்தைப் பம்பு தானே நினைவில் வைத்திருக்கும். நல்ல தொழில்நுட்பம்.

சர்க்கரைப் பொங்கலில் நெய் சற்று அதிகம். இரண்டாவது முறை வாங்கி உறுதி செய்துகொண்டேன்.

மாலை 6.00

முடிந்தவரை எழுதுகிறேன்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கோகிலவாணி மகுடீஸ்வரியைக் கூப்பிட்டு, வெள்ளை மருந்து பாதிக்கு மேல் போய்விட்டது என்று காட்டியிருக்கிறார். ஒரு நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து. மகுடீஸ்வரி அலறவில்லை. இரண்டு பம்பையும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். வெள்ளை மருந்து மணிக்கு ஐந்து மில்லி போயிருக்கிறது, பத்து மடங்கு. சர்க்கரை நீர் மணிக்கு அரை மில்லிதான். குழந்தைக்குச் சர்க்கரை 34க்கு இறங்கி, உடம்பு துவண்டிருந்தது. உடனே ஊசியில் சர்க்கரை ஏற்றினார்கள். அரை மணியில் சர்க்கரை சரியானது. பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தை நான் பார்த்தேன். குழாயின் மேல்பாதியில் மோர் போல வெண்மையாக நின்றது. கொழுப்பு 460. மூச்சு வேகமாக இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் போனால்தான் தெரியும் என்கிறார் டாக்டரம்மா.

ஸ்டோரிலிருந்து வேறு இரண்டு பம்புகள் மாட்டியிருக்கிறார்கள். பழைய இரண்டையும் சந்தனம் குங்குமத்தோடு நானே ஆதாரமாக எடுத்து, மேலே இருந்ததில் ‘மேல்’ என்றும் கீழே இருந்ததில் ‘கீழ்’ என்றும் சீட்டுக் கட்டி, என் அலமாரியில் பூட்டிவிட்டேன். வேகத்தை மாற்றி அமுக்கிய நர்ஸ் மீது கோபமாக வருகிறது. ஸ்டிக்கர் ஒட்டியும் இப்படி.

அக்டோபர் 2, வியாழன்

குழந்தைக்குக் கொழுப்பு 210. மூச்சு பரவாயில்லை. எனக்கு யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

குழந்தைக்கு 120. மூச்சு சீராகிவிட்டது. சாமி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று வசந்தாமணி சொல்கிறாள், ஊதுபத்திப் புகை.

மகுடீஸ்வரியை வார்டிலிருந்து எடுத்து, வெளிநோயாளிப் பிரிவில் ஊசி போடும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் தேதி விசாரணை. தவறு உறுதியானால் வேலையே போகும். விசாரணை அதிகாரி நான். “உங்கள உட்டா வேற யாருங்க சரியா இருப்பாங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். மறுக்க முடியவில்லை.

சம்பவ அறிக்கைப் படிவம் ஒன்றை நானே வடிவமைத்தேன். முதல் கட்டம்: ‘தவறு இழைத்தவர் (ஒருவர் பெயர் மட்டும்)’. அச்சு நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 4, சனி

முதல் விசாரணை, மகுடீஸ்வரி. ஊசி அறையில் ஒரு மூன்று வயதுப் பையன் அவர் கையைக் கடித்துவிட்டிருந்தான், பிளாஸ்திரி போட்டிருந்தார்.

“வேகத்த நான் தொடவே இல்லைங்க சார். மேல வெள்ளை, கீழ சக்கரை, எப்பவும் போல மாட்டி ஸ்டார்ட் அமுக்குனனுங்க.”

“அப்ப வேகம் தானா மாறிருச்சுங்களா?”

“தெரியலைங்க. ஆனா நம்பரப் படிக்காம அமுக்குனது என் தப்புதானுங்க. அத எழுதிக்கோங்க.” பிறகு, “புள்ள இன்னைக்கு எடை எவ்வளவுங்க சார்?” என்றார்.

ஒரு கிலோ நூற்று எழுபது என்றேன். பிளாஸ்திரி போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விசாரணை அதிகாரி இரக்கப்படக் கூடாது என்பதால் நான் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, கோகிலவாணி. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். மருந்து குறைவதை எப்படிக் கவனித்தீர்கள் என்று கேட்டேன்.

“தறியில தார்க்குச்சியில சுத்துன நூல் தீர்றதப் பாத்துட்டே நின்னு பழகுன கண்ணுங்க. தீந்தது தெரியாம ஓட்டுனா துணி பாழுங்க. அந்த வெள்ளை மருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு எறங்கும்னு எனக்கு அத்துப்படிங்க.”

நாற்பது நிமிடச் சொற்பொழிவை இவரிடம் ஆற்றியிருக்கலாம். மகுடீஸ்வரி மேல் ஏதாவது புகார் உண்டா என்று கேட்டேன். “அந்தக்கா இல்லாட்டி என்ற புள்ள இல்லைங்க” என்றார். சம்பந்தமில்லாத பதில் என்று குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

அலமாரியைத் திறந்து ஆதாரங்களை மேஜையில் வைத்தேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்து படிவத்தின் மேல் விழுந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தேன். முதலில் ‘மேல்’ சீட்டுப் பம்பு. நெற்றியில் ஒன்றுமில்லை. ஸ்டிக்கரை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எனக்குக் கொதித்தது. சதி என்று கூட எழுதிவிட்டேன். பிறகு ‘கீழ்’ சீட்டுப் பம்பைத் துடைத்தேன்.

சந்தனத்துக்கு அடியில் பச்சையாக, கொட்டை எழுத்தில்.

டீ குடிக்கப் போனேன். வடை சாப்பிடவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. ஸ்டிக்கரின் ஒரு மூலை தானாகவே உரிந்திருக்கிறது. பசை மட்டம்.

அக்டோபர் 8, புதன்

காலைச் சாப்பாட்டில் வசந்தாமணி கேட்டாள்: “உங்க நகத்துல என்னங்க, பச்சையா?”

ஒன்றுமில்லை என்றேன். அவள் கொள்ளு ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். சொல்லிவிட்டேன். பூஜை நடத்தியது நான். பம்பைக் கழற்றியது நான். திரும்ப மாட்டும்போது எது மேல், எது கீழ் என்று பார்க்காமல், மங்களகரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது நான். மகுடீஸ்வரி வழக்கம்போல வெள்ளையை மேலே மாட்டினார். அந்தப் பம்புக்கு நேற்றைய நினைவு ஐந்து மில்லி. அடையாளத்துக்கு நானே ஒட்டிய ஸ்டிக்கரை நானே சந்தனத்தால் மூடியிருக்கிறேன். நேற்று அதை உரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நகத்தை வைத்து ஒரு மூலையைத் தூக்கியதும் நானேதான்.

“முழுசும் உரிக்கலையா?” என்றாள்.

“கை வரலை.”

“அந்த நர்ஸுப் புள்ளைக்கு வேலை போயிருச்சுன்னா, அப்பறம் நான் ஆக்கிப் போட்டா உங்களுக்குச் சோறு எறங்குமாங்க?”

ரசத்தை ஊற்றினாள். ரசமே இறங்கவில்லை.

இந்த நோட்டை டாக்டரம்மா படிப்பார். ‘ஒரு தவறு கூட’ என்று பெருமையடித்த செப்டம்பர் இருபத்தி நான்காம் தேதியைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. பயமாக இருக்கிறது. மருத்துவமனைக்குப் போய், ஸ்டிக்கரின் மூலையைத் திரும்ப ஒட்டினேன். நன்றாகவே ஒட்டியது, பசையில் குறை ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

விசாரணை. பெரிய மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, இந்தப் பக்கம் மகுடீஸ்வரி, நடுவில் இரண்டு பம்புகளோடு நான். மகுடீஸ்வரி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“அறிக்கையப் படிங்க” என்றார் டாக்டரம்மா.

படித்தேன். தவறு இழைத்தவர், ஒருவர் பெயர் மட்டும்: ஆ. தெய்வசிகாமணி.

“கையெழுத்துப் போடற எடம் கீழ இருக்குதுங்களே, பேரை ஏன் மேல எழுதியிருக்கீங்க?” என்றார் டாக்டரம்மா.

சரியான இடத்தில்தான் எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, ‘கீழ்’ சீட்டுப் பம்பைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். உரிக்கப் பார்த்ததையும் சொன்னேன்.

டாக்டரம்மா செல்போனை எடுத்து, மருத்துவமனை வாட்ஸப் குழுவில் தான் போட்ட பூஜைப் போட்டோவைத் தேடினார். பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு கையில் ஒரு பம்பு, மறு கையில் ஒரு பம்பு, நடுவில் பல் முழுக்கத் தெரிய நான். இரண்டு நெற்றியிலும் தோசை அளவுக்குச் சந்தனம்.

“இந்தப் போட்டோவுக்கு எத்தனை பேர் கும்பிடு போட்டிருக்காங்க தெரியுங்களா? நாப்பத்தி மூணு பேர். மொதக் கும்பிடு நான். ஓடிட்டிருக்கற மருந்த நிறுத்திப் போட்டு பம்புக்குப் பொட்டு வெக்கலாமான்னு நாப்பத்தி மூணு பேர்ல ஒருத்தரும் கேக்கலை.” செல்போனைக் கவிழ்த்து வைத்தார். “படிவத்துல இன்னும் பேர் எழுத எடம் இருக்குதுங்களா?”

இல்லை, ஒரு பெயருக்குத்தான் என்றேன். படிவத்தை மாற்றச் சொன்னார். ‘யார்’ என்பதை எடுத்துவிட்டு ‘எப்படி’ என்று போடச் சொன்னார். தன் பெயரையும் என் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் எழுதினார். எண் பார்க்கவில்லை என்று மகுடீஸ்வரியும் விடாப்பிடியாகத் தன் பெயரைச் சேர்த்தார். இனி ஓடும் பம்புக்குப் பூஜை கிடையாது. சிரிஞ்சு மாற்றும்போது ஒருவர் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு அந்த இன்னொருவர் நான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். மகுடீஸ்வரிக்கு வார்டு திரும்பக் கிடைத்தது.

வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “கடிச்சானே அந்தப் பையன், அவன் கூட உடனே சாரி சொன்னானுங்க” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு படியில் இறங்கும்போது வந்தது.

“குழந்தையோட அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்” என்றார் டாக்டரம்மா. நானே சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இதை எழுதாமல் நோட்டைக் கொடுக்க முடியாது.

பத்தரை மணிக்கு வார்டுக்குப் போனேன். மனப்பாடம் செய்து வைத்த வாக்கியங்கள் கதவைத் திறந்ததுமே போய்விட்டன. கோகிலவாணி நாற்காலியில் சாய்ந்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். தொப்பி போட்ட தலை மட்டும் தெரிந்தது. எடை ஒரு கிலோ இருநூற்று முப்பது. நான் பக்கத்தில் போய் நின்று, அன்றைக்கு மகுடீஸ்வரி வேகத்தை மாற்றவில்லை, பம்பை இடம் மாற்றி வைத்தது நான் என்று சொன்னேன். என் முட்டாள்தனத்தால் உங்கள் குழந்தை சாகப் பார்த்தது என்றும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“தெரியுமுங்க.”

எனக்குப் புரியவில்லை.

“கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். பச்சைச் சீட்டு ஒட்டுனதுக்கு நீங்க சந்தனம் வெச்சதுலருந்து கண்ணெடுக்காம பாத்தனுங்க, அதைத்தான் கீழ மாட்டுனீங்க. இதென்ன மாத்தி மாட்டறாங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. டாக்டரம்மா இருக்காங்க, நீங்க இருக்கீங்க, படிச்சவங்க காரணமாத்தான் செய்வாங்க, நம்ம என்னத்தக் கேக்கறதுன்னு இருந்துட்டனுங்க. அப்பறம் மருந்து குறையறதப் பாத்துட்டும் ஒரு மணி நேரம் வாயத் தொறக்கலைங்க. கேட்டா திட்டுவாங்களோன்னு.” குழந்தையின் தொப்பியை இழுத்துச் சரிசெய்தார். “நானும் இத யார்கிட்டயும் சொல்லலைங்க. எனக்கும் தூக்கமில்லைங்க.”

பத்தொன்பது வருடத்தில் எத்தனை அம்மாக்கள் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரிடம் கூட, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று நான் சொன்னதில்லை. தள்ளி நில்லுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

“இனிமே கேளுங்க. சந்தேகம்னா உடனே கேளுங்க. யாரா இருந்தாலும், நானா இருந்தாலும்” என்றேன்.

“திட்ட மாட்டீங்களே?”

“மாட்டனுங்க.”

அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப ஒண்ணு கேக்கட்டுங்களா? கதவத் தொறந்து நேரா புள்ளைகிட்ட வந்து நிக்கறீங்களே, கை கழுவுனீங்களா?”

கழுவவில்லை. வெளியே போய்க் குழாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோகிலவாணியும் அவர் பக்கத்தில் வந்து நின்ற மகுடீஸ்வரியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரை தேய்த்தேன்.